நகல் எடுத்தாச்சா? - ஒரு பி.காம் மாணவனின் பேக்கப் புராணம்

போன தடவை பெரியபாளையம் ஆடித் திருவிழா, அதுக்கு முன்னாடி பங்குச் சந்தை. இந்தத் தடவை கம்ப்யூட்டர். "பி.காம் படிக்கிற பயலுக்கு ஸ்னாப்ஷாட், பேக்கப் எல்லாம் எதுக்கு?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு பதில்: இது கம்ப்யூட்டர்காரன் விஷயமே இல்லை. சுத்தமான கணக்குப்பிள்ளை விஷயம். படித்து முடித்ததும் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள் :-)

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம் (நம்ம சப்ஜெக்ட் ஆச்சே). 2013ம் வருடக் கம்பெனிச் சட்டம் 128ம் பிரிவு, ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் அதற்கு பேக்கப் எடுத்து இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும் என்று விதி. முதலில் "அவ்வப்போது" என்று இருந்ததை, 2022 ஆகஸ்டில் "தினமும்" என்று மாற்றினார்கள். ஜி.எஸ்.டி. சட்டமோ, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்கைக் காப்பாற்றி வை என்கிறது. இது கம்பெனி, பெட்டிக்கடை என்று பார்க்காது. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் போதும்.

ஆக, "தினமும் நகல் எடு" என்பது கம்பெனிக்குச் சட்டம். நம்ம ஊர் லேத் பட்டறைக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் ஆறேழு வருடக் கணக்கு கையில் இருக்க வேண்டும். எப்படிக் காப்பாற்றுவது என்பது அவரவர் சாமர்த்தியம்.

என் மாமாவுடையது அப்படி ஒரு பட்டறைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வெளியே, சந்துக்குள் சந்தாகப் போனால் வரும். மூன்று லேத், ஒரு கிரைண்டிங் மிஷின், ஏழு தொழிலாளிகள், ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். உள்ளே இருக்கிற பெரிய கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் மாதிரி சில்லறைச் சாமான்கள் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். கணக்கு எழுத ஒரு அக்கா கவரைப்பேட்டையிலிருந்து வருகிறார். டாலியில் பில் போடுவது, சம்பளம், ஜி.எஸ்.டி. எல்லாம் அவர்தான். ஓனர் பெயர் மட்டும் தான் மாமாவுடையது, கடையை நடத்துவது அக்கா என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அந்த ஒரே கம்ப்யூட்டர் எப்பேர்ப்பட்ட இடத்தில் இருக்கிறது தெரியுமா? ஒரு பக்கம் இரும்புத் தூள். பெட்டியைத் திறந்து விசிறியைத் துடைத்தால் துணி கருப்பாகும். இன்னொரு பக்கம் கரண்ட். இது போதாதென்று வருடா வருடம் டிசம்பர். 2015 வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2016 டிசம்பர் 12ம் தேதி வர்தா வந்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இதற்கெல்லாம் மேலே, ஊரில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் போய்விட்டு வரும் பென் டிரைவ்கள்.

சரி, இத்தனை நாள் ஓடினது தானே, இப்போது என்ன அவசரம்?

பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறை. (பெயர் வேண்டாம்.) ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், எல்லாக் கோப்புகளும் பூட்டியிருக்கின்றன. திறக்க வேண்டுமானால் இவ்வளவு பிட்காயின் கொடு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். ரேன்சம்வேர்! அவர்களிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, தினமும் அதில் காப்பி எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்தார்கள். வந்தவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான்.

ஜி.எஸ்.டி. போர்ட்டலில் விற்பனை பில் விவரம் இருந்தது. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போயிருக்கிறது, எந்தச் சலானுக்கு எந்தப் பில் என்பதெல்லாம் போர்ட்டலுக்கு எப்படித் தெரியும்? சட்டப்படி (2006ம் வருட சிறுதொழில் சட்டம்) வாங்கினவன் 45 நாளைக்குள் பணம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டியோடு கேட்கலாம். ஆனால் கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டுமே! அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் மூன்று மாதம் உட்கார்ந்து பழைய காகிதங்களிலிருந்து பாதியை மறுபடி ஏற்றினார். மீதிப் பாதிக்கு "நீ தானேம்மா பொறுப்பு" என்று பேச்சு வாங்கினார். நாலாவது மாதம் வேலையை விட்டுவிட்டார்.

இது நடந்த பிறகு ஒரு நாள் எங்கள் அக்கா என்னிடம் கேட்டார். "தம்பி, நம்மகிட்ட இருக்கறது போச்சுன்னா, எல்லாரும் என்னைத்தான கேப்பாங்க?"

என்ன பதில் சொல்ல? ஆமாம், அவரைத்தான் கேட்பார்கள். டிஸ்க் வாங்க அவருக்கு அதிகாரம் கிடையாது, ஆனால் போனால் பொறுப்பு மட்டும் அவருடையது. செமஸ்டர் லீவு வேறு. மாமாவிடம் போய் நின்றேன். "எவ்ளோ ஆகும் மாப்ள?" என்பதுதான் முதல் கேள்வி. "ஒரு லோடு ரிஜெக்ட் ஆனா எவ்ளோ ஆகும் மாமா?" என்றேன். சரி செய் என்று விட்டார்.

ஸ்னாப்ஷாட் என்றால் என்ன?

இங்கேதான் நம்ம படிப்பு உதவுகிறது. கணக்கில் ஒரு பதிவு தப்பாகிவிட்டால் என்ன செய்கிறோம்? ரப்பர் வைத்து அழிக்க மாட்டோம். பழைய பதிவு அப்படியே இருக்க, கீழே ஒரு திருத்தப் பதிவு போடுவோம். சாதாரணக் கோப்பு முறைகள் (ஃபைல் சிஸ்டம்) பெரும்பாலும் ரப்பர் வைத்து அழிக்கிற கட்சி. ஒரு கோப்பை மாற்றினால் பழைய இடத்தின் மேலேயே புதியதை எழுதிவிடும்.

பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாவது 2007ல் ஆரக்கிள் கம்பெனியில் கிறிஸ் மேசன் என்பவர் லினக்ஸுக்காக ஆரம்பித்தது. இரண்டாவது அதற்கும் முன்னால் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்தது. இவர்கள் கணக்குப்பிள்ளை கட்சி. எதை மாற்றினாலும் புதியதை வேறு காலி இடத்தில் எழுதிவிட்டு, "இனிமேல் இங்கே பார்" என்று குறிப்பை மட்டும் மாற்றுவார்கள். பழையது அங்கேயே கிடக்கும். வேறு யாருக்கும் தேவையில்லை என்றால் அந்த இடத்தைக் காலி என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்னாப்ஷாட் என்பது இந்த இடத்தில் ஒரு கட்டளை: "இந்த நிமிஷம் இருக்கிற எதையும் காலி செய்யாதே." அவ்வளவுதான். எதையும் காப்பி எடுப்பதில்லை. அதனால்தான் 100 ஜி.பி. இருந்தாலும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது, ஆரம்பத்தில் இடமும் ஏறக்குறைய ஒன்றும் பிடிப்பதில்லை. பிறகு நீங்கள் எவ்வளவு மாற்றுகிறீர்களோ அவ்வளவுக்குத்தான் இடம் வளரும்.

ஆஹா, அப்புறம் என்ன? தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் போட்டால் முடிந்ததே!

முடியாது. எங்கள் பட்டறை பில் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் வைத்து எழுதுவோம். வெள்ளைத் தாள் பார்ட்டிக்கு, மஞ்சள் தாள் புத்தகத்திலேயே. மஞ்சள் தாள் இருப்பதால் "நான் அப்படி எழுதவே இல்லை" என்ற சண்டை வராது. ஆனால் புத்தகமே தண்ணீரில் விழுந்தால்? மஞ்சளும் சேர்ந்துதான் நனையும். ஸ்னாப்ஷாட் அந்த மஞ்சள் தாள். அதே டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போச்சு. கைதவறி அழித்ததற்கும், மேலேயே எழுதிவிட்டதற்கும் அது அருமையான மருந்து. டிஸ்க் சாவதற்கும் தீக்கும் திருட்டுக்கும் அது மருந்தே இல்லை.

விண்டோஸிலும் இந்த மாதிரி ஒன்று 2000களிலிருந்தே உண்டு, ஷேடோ காப்பி என்று பெயர். பல ரேன்சம்வேர்கள் உள்ளே வந்ததும் அதைத்தான் தேடி அழிக்கின்றன. திருடனுக்குத் தெரியாதா சாவி எங்கே இருக்கும் என்று!

லினக்ஸ் மின்ட் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதோடு வரும் டைம்ஷிஃப்ட் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது சிஸ்டத்தைக் காப்பாற்றுவதற்கு. உங்கள் ஹோம் ஃபோல்டரை, அதாவது படம், பாட்டு, புராஜெக்ட் எல்லாவற்றையும், அது வழக்கமாகச் சேர்த்துக்கொள்வதே இல்லை. "டைம்ஷிஃப்ட் ஓடுதே" என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்று இரவே ஒரு முறை செட்டிங்கைத் திறந்து பாருங்கள்.

நாங்கள் போட்ட ஏற்பாடு

என் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த விலையில்லா லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது. (2011ல் ஆரம்பித்த திட்டம். அந்த லேப்டாப்கள் இன்னும் எத்தனை வீட்டுப் பரணில் இருக்கின்றனவோ!) பேட்டரியை மட்டும் மாற்றி, லினக்ஸ் போட்டு, 1 டி.பி. டிஸ்க் ஒன்றை பிடிஆர்எஃப்எஸ் ஆக்கி மாட்டினேன். லேப்டாப்பில் ஒரு சௌகரியம், கரண்ட் போனால் அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். தனியாக யு.பி.எஸ். வேண்டாம். இரும்புத் தூள் வராத மேல் ஷெல்ஃபில், கடைசியாக வந்த வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே ஏற்றி வைத்தாயிற்று.

இனி முக்கியமான விஷயம். டாலி இருக்கும் கம்ப்யூட்டர் லேப்டாப்புக்கு எதையும் அனுப்பாது. லேப்டாப்தான் வந்து எடுத்துக்கொண்டு போகும். டாலி கம்ப்யூட்டரில் கணக்கு ஃபோல்டரையும் டிராயிங் ஃபோல்டரையும் "படிக்க மட்டும்" என்று பகிர்ந்திருக்கிறோம். லேப்டாப்பின் பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரில் எங்கேயும் கிடையாது. ஆக, அங்கே எவன் நுழைந்தாலும் இங்கே கை வைக்க வழியில்லை. பக்கத்துத் தெருக் கதை சொன்ன பாடம் இது.

தினமும் இரண்டு வேளை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒன்று. ஏன் இந்த நேரம்? அப்போதுதான் டாலி மூடியிருக்கும். பாதி எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைக் காப்பி எடுத்தால் கிடைப்பது பாதிக் கணக்கு. அக்கா டாலியின் சொந்த பேக்கப்பை எடுத்துவிட்டு, மூடிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். அடுத்த பத்து நிமிடத்தில் லேப்டாப் வேலையை முடித்துவிடும்.

எடுத்துக்கொண்டு வருவது ஆர்சிங்க் என்கிற பழைய, நம்பகமான கருவி. 1996ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் எழுதியது. மாறின கோப்பை மட்டும் பார்த்து எடுக்கும். இதில் ஒரு சின்ன நுணுக்கம். ஆர்சிங்க் வழக்கமாகக் கோப்பைப் புதிதாக முழுவதும் எழுதிவிட்டுப் பழையதைத் தூக்கிவிடும். அப்படிச் செய்தால் 300 எம்.பி. கோப்பில் ஒரு வரி மாறினாலும் ஸ்னாப்ஷாட் கணக்கில் 300 எம்.பி. ஏறும். "இன்பிளேஸ்", "நோ ஹோல் ஃபைல்" என்ற இரண்டு ஆப்ஷன்களைச் சேர்த்தால் மாறின துண்டை மட்டும் எழுதும். இடம் எக்கச்சக்கமாக மிச்சம்.

காப்பி முடிந்ததும் உடனே ஒரு ஸ்னாப்ஷாட், அதுவும் "படிக்க மட்டும்" என்ற முத்திரையோடு. எத்தனை நாள் வைத்திருப்பது? எல்லாவற்றையும் எப்போதைக்கும் வைத்தால் டிஸ்க் நிறையும். எங்கள் கணக்கு இது:

1. கடைசி 14 நாளுக்குத் தினமும் உள்ளவை
2. கடைசி 8 வாரத்துக்கு வாரம் ஒன்று
3. கடைசி 12 மாதத்துக்கு மாதம் ஒன்று
4. ஒவ்வொரு மார்ச் 31ம் தேதியும் ஒன்று, எட்டு வருடத்துக்கு

நாலாவது எதற்கு என்று காமர்ஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம் :-)

நேரத்துக்கு ஓடவைப்பதில் நம்ம ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. லினக்ஸில் கிரான் என்று ஒரு பழைய கடிகாரம். ஏழு மணிக்கு என்று சொன்னால் ஏழு மணிக்கு ஓடும். ஏழு மணிக்கு மிஷின் அணைந்திருந்தால்? விட்டுவிடும், மறுநாள் ஏழு மணிதான். சிஸ்டம்டி டைமரில் "பர்சிஸ்டென்ட்" என்று ஒரு வரி சேர்த்தால், தவறிப்போன வேலையை அடுத்த முறை மிஷின் விழித்ததும் முதலில் செய்யும். பேட்டரி தீரும் அளவுக்குக் கரண்ட் போகிற ஊரில் இந்த ஒரு வரி இல்லாமல் தானியங்கி பேக்கப் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது.

இன்னொரு காவல்காரனும் உண்டு. காப்பி எடுப்பதற்கு முன் ஆர்சிங்க்கை ஒத்திகையாக ஓடவிட்டு, எத்தனை கோப்பு மாறியிருக்கிறது என்று எண்ணுகிறோம். எங்கள் பட்டறையில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மாறும். 200க்கு மேல் போனால் வேலையை நிறுத்திவிட்டு எனக்கு மெயில் அனுப்பும். ஒரே நாளில் எல்லாக் கோப்பும் மாறுகிறதென்றால் யாரோ பூட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் இருந்தால்

இத்தனையும் செய்தாலும் இரண்டு நகலும் ஒரே ஷெட்டில்தானே இருக்கின்றன? 3-2-1 என்று ஒரு சூத்திரம் உண்டு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். இதைப் பிரபலமாக்கியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர்.

"வேறு இடம்" என்பதன் அருமை தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓலைச்சுவடி செல்லரிக்கும், உடையும். காலாகாலத்தில் யாராவது புது ஓலையில் பிரதி எடுத்துக்கொண்டே இருந்ததால்தான் நூல்கள் தப்பின. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்ப் பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்து 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரே ஊரில் ஒரே பிரதி இருந்திருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? இதற்கு நேர் எதிர், 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம். மே 31ம் தேதி இரவு தொடங்கின தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இருந்தவற்றைத் திரும்ப வாங்கலாம். பிரதி இல்லாதவை போனது போனதுதான்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 26ம் தேதி தென் கொரியாவில் டேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்தது. 858 டி.பி. அளவு பெரியது என்பதால் வெளியே பேக்கப் இல்லை என்றார்கள். கம்ப்யூட்டர் சிப்பை உலகத்துக்கே விற்கிற நாடு அது!

நல்ல உதாரணமும் இருக்கிறது. 2022 நவம்பர் 23ம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரேன்சம்வேர் தாக்கியது. ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு எழுதுவதெல்லாம் கையால்தான். கடைசியில் நோயாளிகள் விவரங்களை மீட்டது, தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து.

சரி, எங்களுக்கு வேறு இடம் எது? மாமா வீடு திருவள்ளூரில். பட்டறை கும்மிடிப்பூண்டியில். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குள் வந்து வண்டி மாறித்தான் போக வேண்டும். எந்த வெள்ளமும் இரண்டு இடத்துக்கும் ஒரே அளவில் வராது என்று நம்பலாம். இரண்டு சின்ன போர்ட்டபிள் டிஸ்க் வாங்கினோம். ஒன்று வீட்டில், ஒன்று பட்டறையில். சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பில் சொருகி, புது ஸ்னாப்ஷாட்களை ஏற்றி, கழற்றி, மாமா பையில் போட்டுக்கொண்டு போவார். திங்கட்கிழமை மற்றது வரும். பைக்கில் போகும் சாமான், எங்கேயாவது விழலாம் என்பதால் டிஸ்க் முழுக்க மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்திருக்கிறது. அதன் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, மாமி நகை வைத்திருக்கும் பீரோவில் வைத்தாயிற்று. பாஸ்வேர்டு தொலைந்த பேக்கப்புக்கும் பேக்கப் இல்லாததற்கும் வித்தியாசம் கிடையாது.

பேங்க் பாஸ்புக் மாதிரி

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்பேன். நாம் எழுதின கேஷ் புக் சரியா என்று எப்படித் தெரியும்? பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்தால்தான். பேக்கப்பும் அப்படித்தான். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை.

2017 ஜனவரி 31ம் தேதி கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் தப்பான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், ஐந்து விதமான ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனத்துக்கு ஒரு பெரிய வணக்கம், நடந்ததை மறைக்காமல் ஊருக்கே எழுதி வைத்தார்கள்.

அதனால் எங்கள் பட்டறையில் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒத்திகை. ஏதாவது ஒரு ஸ்னாப்ஷாட்டை எடுத்து, என் சொந்தக் கம்ப்யூட்டரில் இறக்கி, டாலியில் திறந்து, அன்றைய கடைசி வவுச்சர் எண்ணையும் கேஷ் இருப்பையும் பார்ப்போம். அக்கா ஒரு நோட்டில் அந்தத் தேதிக்கு உரிய எண்ணை ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அவரும் மாமாவும் கையெழுத்துப் போடுவார்கள். மாமா கையெழுத்து வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். நாளைக்கு ஏதாவது ஆனால் "இருவரும் பார்த்தோம்" என்று நோட்டு சொல்லும். அக்காவை மட்டும் யாரும் கேட்க முடியாது.

ஒரு ஷாஃப்ட்டின் கதை

இதனால் பிரயோஜனம் உண்டா என்று கேட்பவர்களுக்கு. ஆறு மாதம் முன் ஒரு பார்ட்டி 400 ஷாஃப்ட்டைத் திருப்பி அனுப்பியது. அளவு தப்பாம். 62,000 ரூபாய்க்கு டெபிட் நோட். ஏழு பேர் சம்பளம் போடுகிற வாரத்தில் 62,000! லேத் ஓட்டுகிற அண்ணன் சத்தியம் பண்ணாத குறை, டிராயிங்கில் இருந்த அளவுக்குத்தான் கடைந்தேன் என்கிறார். கம்ப்யூட்டரில் டிராயிங்கைத் திறந்தால் பார்ட்டி சொல்கிற அளவுதான் இருக்கிறது. மாமா அந்த அண்ணனைப் பார்த்த பார்வையே சரியில்லை.

நடந்தது என்னவென்றால், டிராயிங் பென் டிரைவில் வரும். பார்ட்டி நடுவில் அளவை மாற்றி, அதே பெயரில் புதுக் கோப்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஃபோல்டரில் பழையதன் மேல் புதியது உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் பாதிக்கு மேல் கடைந்து முடித்தாயிற்று. மாதாந்திர ஸ்னாப்ஷாட்டில் தேடினால், வேலை ஆரம்பித்த மாதத்து டிராயிங் அப்படியே இருக்கிறது, பழைய அளவோடு. இரண்டையும் பிரிண்ட் எடுத்து மாமா நேரில் போனார். கோர்ட்டில் இது எந்த அளவுக்குச் செல்லும் என்பதெல்லாம் வேறு விஷயம். மேஜையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவர்களுடைய சூப்பர்வைசரே "ஆமா, நடுவுல மாத்தினோம்" என்று ஒத்துக்கொண்டார். டெபிட் நோட் ரத்து. திரும்பக் கடைவதற்குத் தனிக் கூலி.

இதில் எந்த டிஸ்க்கும் சாகவில்லை, வெள்ளம் வரவில்லை, வைரஸ் வரவில்லை. சாதாரண பேக்கப் மட்டும் இருந்திருந்தால் அதிலும் புது டிராயிங்தான் இருந்திருக்கும். ஸ்னாப்ஷாட்டும் வேண்டும், பேக்கப்பும் வேண்டும் என்பது இதனால்தான். லேத் அண்ணன் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை.

கிளாஸ்மேட்டுகளுக்கு

உங்களுக்கு லேத்தும் இல்லை, டாலியும் இல்லை. ஆனால் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் இருக்கிறது. குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்:

1. கூகுள் டிரைவ் சிங்க் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள், அதற்கப்புறம் கோவிந்தா.
2. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின். இரண்டும் காசில்லாமல் வருகின்றன. ஒரு வெளி டிஸ்க் மட்டும் வாங்கினால் போதும்.
3. வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைக்கவும். சொருகியே வைத்திருந்தால் அது பக்கத்துத் தெருப் பட்டறை.
4. மாதம் ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கவும்.

எங்கள் ஏற்பாட்டில் இன்னும் ஒரு ஓட்டை பாக்கி. இது எப்படி ஓடுகிறது என்பது முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். படிப்பு முடிந்து நான் எங்கேயாவது வேலைக்குப் போய்விட்டால்? அதற்காகத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, லேமினேட் செய்து, லேப்டாப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பட்டனை எப்போது அமுக்குவது, எந்தச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம், எது வந்தால் உடனே ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று. போன மாதம் ஒத்திகையை நான் கை வைக்காமல் அக்காவே தனியாகச் செய்தார். முதல் தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தபோது முக்கால் மணி நேரம். அவர் தனியாகச் செய்தபோது இருபத்தைந்து நிமிடம். வவுச்சர் எண் ஒத்துப்போனது. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த மாசம் நீ வராட்டியும் பரவால்ல தம்பி" என்றார்.

அடுத்து வேறு ஒரு விஷயத்தோடு வருகிறேன். அதுவரை, நகல் எடுத்தாச்சா?